ரீப்பரில் மார்க்கர்: 9 மணி நேர ஒலிநூலைத் தொகுத்த பிறகு

முதல் முறை கேட்கும்போது நான் எதையும் வெட்டுவதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுட்டுவிரலை ‘எம்’ விசையின் மேல் வைத்துக்கொண்டு, ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவை ஓடவிடுகிறேன். வாசிப்பவர் ஒரு சொல்லில் தடுக்கினால் ஒரு தட்டு. பக்கம் திருப்பும் சரசரப்பு கேட்டால் ஒரு தட்டு. ஒரே வரியை இரண்டு தடவை வாசித்திருந்தால் இன்னொரு தட்டு. பதிவு நிற்காது, கதையும் அறுபடாது. அத்தியாயம் முடியும்போது காலக்கோட்டின் மேல் சிறு கொடிகள் வரிசையாக நிற்கும். திரும்பி வர வேண்டிய இடங்களைக் காட்டும் அந்தக் குறிகள்தான் மார்க்கர்கள். அதற்குப் பிறகுதான் கத்திரியைத் தொடுகிறேன்.

பார்வையற்றவர்களுக்கான ஒலிநூல்களைத் தொகுப்பது என் வேலை. கடைசியாக முடித்த நூலில் 31 அத்தியாயங்கள். திருத்தாத பதிவு 9 மணி 20 நிமிடம். முதல் கேட்பில் மட்டும் 412 மார்க்கர்கள் விழுந்தன. இந்த மதிப்புரை அந்த 412ஐப் பற்றியது. ரீப்பரில் பல ட்ராக் ஒலிப்பதிவு, மிடி, ப்ளக்-இன் என்று எத்தனையோ உண்டு. அவற்றை நான் எடைபோடப் போவதில்லை. பேச்சை மணிக்கணக்கில் தொகுக்கிறவருக்கு இந்த மென்பொருளின் மார்க்கர் எவ்வளவு உதவும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அறியாதவர்களுக்கு ஒரு வரி: வினாம்ப் இசைப்பானை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய கோக்கோஸ் நிறுவனத்தின் தயாரிப்பு ரீப்பர். முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரு ஒலிநூலை முழுதாக முடித்துப் பார்க்க அந்த அவகாசம் தாராளம்.

இனி விசைகள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது ‘எம்’ தட்டினால் அந்தக் கணத்தில் ஒலிக்கும் இடத்தில் மார்க்கர் விழுகிறது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதும் அப்படியே. ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் பெயர் கேட்கும் சிறு பெட்டி திறக்கும். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் முந்தைய மார்க்கருக்கும் அடுத்த மார்க்கருக்கும் தாவ உதவும். எண் விசைகள் முதல் பத்து மார்க்கர்களுக்கு நேராகப் போகும். வேண்டாத ஒன்றை ஆல்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் மறைந்துவிடும். இவ்வளவையும் ஒரே மாலையில் பழகிவிடலாம். விரல்கள் பழகிய பிறகு நாள் முழுக்க மவுஸைத் தொடாமல் வேலை செய்யலாம், மணிக்கட்டு அதற்கு நன்றி சொல்லும்.

பழகிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன்: மார்க்கர் பிழையின் மேல் விழுவதே இல்லை. பிழைக்குப் பின்னால்தான் விழுகிறது. காது கேட்டு விரல் அசைய ஒரு வினாடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு) என்று பதிவு செய்திருந்தால் அதுவே 9,600 சாம்பிள். வாசிப்புப் பிழையில் தாமதம் இன்னும் கூடும். சொல் முடிந்து, அது தவறு என்று மனம் உணர்ந்து, பிறகு கை அசைய வேண்டும். முழு வினாடி கடந்துவிடும். காந்த நாடாக் காலத்தில் வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் இந்த ஒரு வினாடி 38 சென்டிமீட்டர் நீளம். அன்றைய தொகுப்பாளர்கள் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, மெழுகுப் பென்சிலால் சரியான இடத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் பிளேடை எடுத்தார்கள். நாமும் அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் கேட்பில் விழும் மார்க்கர் ‘இங்கே எங்கோ’ என்று மட்டுமே சொல்கிறது. வெட்ட வேண்டிய இடம் எப்போதும் அதற்கு இடப்பக்கம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு மார்க்கரைச் சரியான புள்ளிக்கு இழுத்து வைக்கும் வீண் வேலையை விட்டுவிட்டேன்.

மார்க்கரைப் பற்றி நான் கற்ற பெரிய பாடம் மென்பொருளிடமிருந்து வரவில்லை. என்னோடு சேர்ந்து தொகுக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. அவருக்குப் பார்வை இல்லை. ரீப்பருக்கென்றே எழுதப்பட்ட ஒசாரா என்ற இலவச நீட்சியையும் என்விடிஏ திரைவாசிப்பானையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். திரையில் நான் பார்க்கிற கொடிகள் அவருக்குக் குரலாகக் கேட்கின்றன. அடைப்புக்குறி விசையைத் தட்டியதும் எந்த மார்க்கருக்கு வந்திருக்கிறார், அதன் பெயர் என்ன என்று திரைவாசிப்பான் சொல்லிவிடுகிறது.

நாங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரம் நான் வைத்த பெயர்கள் நீளமாக இருந்தன. ‘இந்த இடத்தில் வாசிப்பவர் மூச்சு இழுப்பது சற்று அதிகமாகக் கேட்கிறது, குறைக்கலாமா பாருங்கள்’ என்பது ஒரு மார்க்கரின் பெயர். அதுபோல முப்பது இருந்தன. அவர் அழைத்துப் பேசினார்.

“அக்கா, நீங்கள் ஒரு பார்வையில் தாண்டிப் போகிற பெயரை நான் முழுதாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது. முதல் சொல்லிலேயே விஷயம் தெரிந்துவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவேன். மூச்சு என்றால் மூச்சு என்றே முதலில் சொல்லிவிடுங்கள்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் ஆறு சொற்கள்தான் புழங்குகின்றன. பிழை, மூச்சு, சத்தம், மறுபடி, இடைவெளி, கேள். ‘மறுபடி’ என்றால் அதே வரி மீண்டும் வாசிக்கப்பட்டிருக்கிறது, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும். ‘கேள்’ என்றால் எனக்கு நிச்சயமில்லை, நீங்கள் கேட்டு முடிவு செய்யுங்கள். வேறு விவரம் தேவையென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும். ஆறும் வெவ்வேறு எழுத்தில் தொடங்குவது போலத்தான் முதலில் தேடினேன். ‘மூச்சு’, ‘மறுபடி’ இரண்டும் மகரத்தில் வந்துவிட்டன. காதில் குழப்பம் இல்லை என்று அவர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டோம்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறோம். ரீப்பர் அவற்றைச் சிதைக்காமல் வைத்துக்கொள்கிறது. மார்க்கர்களும் ரீஜன்களும் (பெயரிட்ட பரப்புகள், பிறகு சொல்கிறேன்) பட்டியலாகத் தெரியும் மேலாளர் சாளரம் ஒன்று இருக்கிறது. அதன் தேடல் கட்டத்தில் ‘சத்தம்’ என்று தட்டச்சு செய்தால் அவை மட்டும் பட்டியலில் நிற்கும். ஒரே வகைக் குறைகளை ஒரே மூச்சில் சரிசெய்ய இது பேருதவி. நாற்காலி கிறீச்சிடும் ஓசையை ஓரிடத்தில் நீக்கக் காது பழகிவிட்டால் அடுத்த இருபது இடங்களும் விரைவாக முடிகின்றன. இடையிடையே வாசிப்புப் பிழைகளுக்குத் தாவினால் அந்த வேகம் வருவதில்லை.

ஒவ்வொரு முறையும் பெயர்ப் பெட்டியைத் திறப்பது சலிப்பாக இருந்ததால், லூவா என்ற நிரல்மொழியில் நான்கைந்து வரிகளில் ஆறு சிறு நிரல்களை எழுதிக்கொண்டோம். ஒவ்வொன்றையும் ஒரு விசையோடு இணைத்துவிட்டோம். இப்போது ஒரு தட்டில் பெயரும் சேர்ந்தே விழுகிறது. ரீப்பர் இத்தகைய நிரல்களுக்கு முழுதாக இடம் தருகிறது. நிரல் எழுதவே தெரியாதவர்களுக்கு இது தொலைவாகத் தோன்றலாம். தெரிந்த ஒருவரிடம் கேட்டால் அரைமணி நேர வேலைதான். அந்த அரைமணி நேரம் பிறகு வாரக்கணக்கில் மிச்சமாகத் திரும்பி வருகிறது.

வாசிப்பவர்கள் சிலர் தடுக்கிய இடத்தில் தாங்களே விரலைச் சொடுக்கிவிடுவார்கள். அலைவடிவத்தில் ஊசி போல ஒரு கோடு எழும்பி நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். நல்ல வழக்கம்தான், நானும் அதை ஊக்குவித்தவள். ஆனால் அந்த ஊசி கண்ணுக்கு மட்டுமே தெரியும். என் நண்பர் அதைக் கண்டுபிடிக்க முழுப் பதிவையும் கேட்டாக வேண்டும். இப்போது சொடுக்கு ஒலி கேட்கும் இடங்களில் நான் மார்க்கரும் இட்டுவிடுகிறேன்.

அடுத்தது வெட்டுவது. ஆபத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் வேறொரு மென்பொருளில் ஒரு நூலைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு பகுதி முழுதும் இருமுறை வாசிக்கப்பட்டிருந்தது. 7 நிமிடத்தை நீக்கினேன். பின்னால் இருந்த ஒலி முன்னால் நகர்ந்தது, மார்க்கர்கள் நகரவில்லை. நான் கவனிக்காமல் இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். நல்ல வரிகளை வெட்டியிருக்கிறேன், கெட்ட வரிகளை விட்டிருக்கிறேன். ‘இங்கே என்ன பிழை? எனக்கு எதுவும் கேட்கவில்லையே’ என்று நான்காவது முறையாக யோசித்தபோதுதான் உண்மை புரிந்தது. அன்று மாலை அழுதேவிட்டேன். வாசித்துக் கொடுத்த தன்னார்வலரின் உழைப்பை நான் கெடுத்துவிட்டேனே என்ற வருத்தம்.

ரீப்பரில் இதற்கு ரிப்பிள் தொகுப்பு என்ற பொத்தான் மூன்று நிலைகளில் இயங்குகிறது. முதல் நிலையில் எதுவும் நகராது. இரண்டாவதில் அந்த ட்ராக்கில் (ஒலி அடுக்கில்) உள்ள துண்டுகள் மட்டும் நகரும், மார்க்கர்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாவதில் எல்லா ட்ராக்குகளும் நகரும், மார்க்கர்களும் கூடவே வரும். ஒலிநூலுக்கு ஒரே ஒரு ட்ராக்தானே என்று இரண்டாவது நிலையைத் தேர்வு செய்தால் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள். ஒரே ட்ராக்காக இருந்தாலும் மூன்றாவது நிலையில் வையுங்கள்.

அதற்கும் மேலாக ஒரு காப்பு இருக்கிறது, எந்த மென்பொருளிலும் பலிக்கும். கடைசி மார்க்கரில் தொடங்கி, பதிவின் ஆரம்பத்தை நோக்கி வாருங்கள். பின்னால் வெட்டுவதால் முன்னால் உள்ள எதுவும் நகராது. இன்னும் பார்க்காத மார்க்கர்கள் எல்லாம் தங்கள் இடத்திலேயே பத்திரமாக இருக்கும். கதையைப் பின்னிருந்து முன்னாகக் கேட்பது முதலில் விசித்திரமாக இருக்கும். ஆனால் கதையில் மயங்காமல் குறையை மட்டும் கேட்க அது நல்ல பயிற்சி. மூன்று நூல்களாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு மார்க்கர்கூட நழுவவில்லை.

ஒரு துண்டை எடுத்து வேறு இடத்துக்கு மாற்றுகிற வேலை அதிகமென்றால் டேக் மார்க்கர் என்ற வகையைப் பயன்படுத்தலாம். அது காலக்கோட்டில் ஒட்டாமல் ஒலித்துண்டின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. துண்டு எங்கே போனாலும் கூடவே போகும்.

ரீஜன் என்பது இரண்டு முனை கொண்ட மார்க்கர். தொடக்கமும் முடிவும் உள்ள பரப்பு. ஒரு அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு ‘ஆர்’ தட்டினால் ரீஜன் உருவாகும். 31 அத்தியாயத்துக்கும் 31 ரீஜன் போட்டுப் பெயர் வைத்துவிட்டால், முடிந்த ஒலியைக் கோப்பாக எழுதும் ரெண்டர் சாளரத்தில் எல்லையாக ரீஜன்களைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயருக்கு ரீஜன் பெயரையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரே கட்டளையில் 31 கோப்புகள், சரியான பெயர்களோடு வந்து விழும். முன்பெல்லாம் ஒவ்வொரு அத்தியாயமாகத் தேர்ந்தெடுத்து, சேமித்து, பெயரிட்டுக்கொண்டிருந்த எனக்கு முதல் முறை இதைப் பார்த்தபோது கண்கள் விரிந்தன. எண்களை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பல கருவிகளில் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

ரீஜனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் தலைப்பைப் பிடித்து இழுத்தால், உள்ளே இருக்கும் ஒலியும் சேர்ந்து நகரும். பாடல்களின் பகுதிகளை இடம் மாற்றுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. பேச்சைத் தொகுக்கிறவர்களுக்கு இது வேண்டாத விபத்து. எல்லையைச் சரிசெய்ய வேண்டுமானால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பூட்டு அமைப்புகளில் மார்க்கர்களையும் ரீஜன்களையும் தனித்தனியே பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அத்தியாய எல்லைகள் முடிவானதும் நான் பூட்டிவிடுகிறேன்.

கேட்பவருக்கும் மார்க்கர் போய்ச் சேர வேண்டும் என்பது என் பிடிவாதம். கண்ணால் படிப்பவர் விட்ட இடத்தைப் பக்கம் புரட்டிப் பிடித்துவிடுவார். ஒலிநூல் கேட்பவர் அத்தியாயக் குறிகள் இல்லாவிட்டால் இருட்டில் துழாவ வேண்டும். தலைப்பு, உட்தலைப்பு என்று தாவிப் போகும்படி ஒலிநூல்களை அமைக்க டெய்சி என்ற தனித் தரமே வகுக்கப்பட்டதற்கு இதுதான் காரணம். எம்பி3யாக ரெண்டர் செய்யும்போது, மார்க்கர் பெயரின் முன்னால் அத்தியாயம் என்பதைக் குறிக்கும் சிறு முன்னொட்டைச் சேர்த்தால், ரீப்பர் அதைக் கோப்புக்குள் அத்தியாயமாகவே எழுதிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்த இசைப்பானில் கேட்பவர் நேராக அந்த இடத்துக்குத் தாவலாம்.

வேவ் என்ற ஒலிக் கோப்பிலும் மார்க்கர்களைச் சேர்த்தே எழுதலாம். 1991இல் வந்த அந்தக் கோப்பு வடிவத்திலேயே குறிப்புப் புள்ளிகளுக்கென்று ஒரு சிறு பகுதி உண்டு. ஆனால் அங்கே இடம் பதிவாவது சாம்பிள் எண்ணாக. நிமிடம், வினாடியாக அல்ல. இது ஒருமுறை என்னைக் கடித்தது. 48,000 சாம்பிள் வீதத்தில் இருந்த கோப்பை ஒரு மாற்றிக் கருவியில் 44,100க்கு மாற்றினேன். கருவி ஒலியைச் சரியாக மாற்றியது, மார்க்கரின் எண்களை மட்டும் பழையபடியே விட்டுவிட்டது. சரியாக ஒரு மணி நேரத்தில் இருந்த மார்க்கர் 1 மணி 5 நிமிடம் 18 வினாடியில் போய் நின்றது. ஆகவே மாற்றுவதை முதலில் முடித்துவிடுங்கள், அல்லது ரீப்பரில் இருந்தே வேண்டிய வீதத்தில் ரெண்டர் செய்யுங்கள். மாற்றிய பிறகு கடைசி மார்க்கரை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். பிசகு இருந்தால் கடைசியில்தான் பெரிதாகத் தெரியும்.

மார்க்கர் பட்டியலைச் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்கவும் திரும்ப உள்ளே கொண்டுவரவும் முடிகிறது. வாசித்தவர்களுக்குத் திருத்தப் பட்டியல் அனுப்ப எனக்கு இது தேவைப்படுகிறது. அட்டவணை மென்பொருளில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சில சமயம் குப்பையாகத் தெரியும். கோப்பில் தவறில்லை, திறக்கும்போது எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் திரும்பிவிடும். ரீப்பரின் திட்டக் கோப்பே சாதாரண உரைக் கோப்பு என்பதும் எனக்கு ஒரு நிம்மதி. உரைத் தொகுப்பானில் திறந்தால் மார்க்கர்கள் ஒவ்வொரு வரியாக, நேரமும் பெயருமாக அங்கே இருக்கும்.

குறைகள் உண்டு. மார்க்கருக்குப் பெயரும் நிறமும் இருக்கின்றன. குறிப்பு எழுதத் தனி இடம் இல்லை. பெயரைச் சுருக்கமாக வைத்து விவரத்தைக் குறிப்பில் எழுத முடிந்தால் எங்கள் ஆறு சொற்களும் இன்னும் தெளிவாக இருக்கும். நெருக்கமாக மார்க்கர் இட்டால் காலக்கோட்டில் பெயர்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. எண்கள் இட்ட வரிசையில் வருகின்றன, காலவரிசையில் அல்ல. மறு எண்ணிடும் கட்டளை இருக்கிறது என்றாலும் அதைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் அதன் நீளத்திலேயே மிரண்டு போவார்.

அப்படி மிரள்கிறவர்களுக்கு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைச் சொல்கிறேன். முழுக்க இலவசம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அங்கே மார்க்கருக்கு லேபிள் என்று பெயர், தனி ட்ராக்கில் வரிசையாக நிற்கும். ஒலி ஓடும்போதே கண்ட்ரோலோடு ‘எம்’ தட்டிவிட்டுப் பெயரைத் தட்டச்சு செய்யலாம். லேபிள்களை வைத்தே கோப்பைப் பல துண்டுகளாக ஏற்றுமதி செய்யலாம். வெளியே எடுக்கும் உரைக் கோப்பு எளிமையின் உச்சம்: தொடக்கம், முடிவு, பெயர், அவ்வளவுதான். வெட்டும்போது லேபிள்களும் நகர வேண்டுமானால் ட்ராக்குகளை ஒத்திசைத்துப் பூட்டும் வசதியை மறக்காமல் இயக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒற்றைப் பேச்சுக்கு நான் இன்றும் ஆடாசிட்டியைத்தான் திறக்கிறேன்.

பல மணி நேரப் பதிவுக்கும், இருவர் கைமாற்றிக்கொள்ளும் வேலைக்கும் ரீப்பர்தான் என் தேர்வு. அடுத்த நூல் 12 மணி நேரம் இருக்கும் என்று தெரிகிறது. இம்முறை முதல் கேட்பை நண்பர் செய்கிறார், அவர் இட்ட மார்க்கர்களைப் பின்பற்றி நான் வெட்டப் போகிறேன். ‘கேள்’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.